கிதாரும் கடற்காற்றும்

புதுவை நகரினின்று மேற்கு நோக்கி ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் செல்வோர் வில்லியனூர் என்னும் பழம்பதியை அடைவர். சங்கராபரணி ஆற்றின் அருகே அமைந்த இவ்வூரில் திருக்காமீசுவரர் கோயிற் கோபுரம் ஒருபால் உயர்ந்து நிற்கும். மற்றொருபால் தூய லூர்து அன்னையின் திருத்தலம் விளங்கும். புதுவைக்குத் தெற்கே, பரந்த ஏரியை உடைய பாகூர் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த கல்விச்சாலை ஒன்றுக்கு ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. இவ்விரண்டு பகுதிகளும் பிரெஞ்சுக்காரர் வழங்கிச் சென்ற கொம்யூன் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. நெல்லும் கரும்பும் விளையும் நிலம் இது. கடலும் தொலைவில் இல்லை.

இவ்வூர்களின் தெருக்களில் மாலைப்பொழுதில் நடப்பவர் செவியில், நாகசுரத்தின் ஒலியோடு, இந்நாளில் மின்கிதாரின் ஒலியும் விழக்கூடும். பாகூரைச் சேர்ந்த மாணவன் ஒருவனை நான் அறிவேன். அவனுடைய தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவனுக்கு ஒரு மின்கிதார் வாங்கித் தந்தார். ஐப்பசி மழை தொடங்கியதும், தேர்வு நெருங்குகின்றதே என்று அஞ்சி, அவன் அதனைத் துணிப்பையில் இட்டு அடுக்களைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டான். தை மாதத்தில் பையை அவிழ்த்தபோது கம்பிகள் ஆறும் செந்நிறமாகத் துருவேறிக் கிடந்தன. மெட்டுக்களின்மேல் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. குமிழைத் திருகினால் சட்டியில் பொரி வறுப்பது போன்ற ஓசை எழுந்தது. அவன் முகம் வாடி என்னிடம் வந்து, "கருவி கெட்டுவிட்டது, ஐயா, அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?" என்றான். "கருவி கெடவில்லை, தம்பி, அழுக்கடைந்திருக்கிறது. இரண்டு மாலைப்பொழுது என்னோடு உட்கார்" என்றேன். அவ்விரண்டு மாலைகளிலும் நாங்கள் செய்தவற்றையும், பிறர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே விளக்குவேன்.

இசைக்கருவியைக் குற்றமறப் பேணுதல் தமிழர்க்குப் புதிய கருத்தன்று. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தன்முன் கொண்டுவந்து வைக்கப்பட்ட யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்குகிறான். ஒன்று நீரில் நின்று கெட்ட மரத்தால் ஆயது. ஒன்று தீயில் வெந்தது. ஒன்று இடி வீழ்ந்த மரத்தினின்று செய்தது. நரம்பின் குற்றங்களைப் பழைய இசை நூலோர் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்காக வகுத்தனர். மரத்தில் நீர் சேர்தலும், நரம்பில் வேற்றுப்பொருள் கலத்தலுமே ஒலியைக் கெடுப்பவை என்று அவர்கள் கண்டிருந்தனர். யாழ் மறைந்தது, வீணை வந்தது, அதன்பின் கடல் கடந்து கிதார் வந்தது. ஆயினும் நரம்புக்கருவியின் பகைவர் மாறவில்லை. மின்கிதாரில் அப்பகைவரோடு மின்சாரம் என்னும் புதியதொன்றும் சேர்ந்துகொண்டது.

வீணையின் உறுப்புக்களை அறிந்தவர்க்குக் கிதாரின் உறுப்புக்களை அறிதல் எளிது. வீணைக்குத் தண்டி இருப்பதுபோல் கிதாருக்கு நீண்ட கழுத்து உண்டு. கம்பிகளைத் தாங்கும் குதிரை இரண்டிற்கும் பொது. வீணையின் பிரடைக்கு ஒப்பானவை கிதாரின் தலைப்பக்கத்துப் பற்சக்கர முறுக்காணிகள். மெட்டுக்களும் இரண்டிற்கும் உண்டு. வீணையில் இருபத்து நான்கு மெட்டுக்களைக் கரி கலந்த மெழுகின்மேல் பதிப்பர். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். மெழுகு காலப்போக்கில் இளகித் தளர்வதால் மேளத்தை மீண்டும் கட்டவேண்டி வரும். கிதாரின் மெட்டுக்களோ மரத்திலேயே அறுத்த பள்ளங்களில் அழுத்திப் பொருத்தப்பட்டவை. அவை தேய்ந்துபோனால் கைதேர்ந்த தொழிலாளியே மாற்ற இயலும். ஆகையால் அவற்றைத் தேயவிடாமல் காப்பதே அறிவுடைமை.

குடம் என்னும் பகுதியில்தான் இரண்டும் வேறுபடும். வீணையின் குடம் உள்ளே குடைந்த பலாமரம். அதன் வெற்றிடத்தில் காற்று அதிர்ந்து ஒலி பெருகும். மின்கிதார் பெரும்பாலும் குடையப்படாத திண்ணிய பலகை. அதனைத் தனியே மீட்டினால் கொசு ரீங்காரம் போன்ற மெல்லொலியே எழும். கம்பிகளுக்குக் கீழே காந்தத் துண்டுகளும், அவற்றைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றப்பட்ட சுருளும் உள்ளன. இதனைப் பிக்கப் என்பர். இரும்பு கலந்த கம்பி காந்தத்தின்முன் அதிரும்போது காந்தப்புலம் அசைகின்றது. அசையும் காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கின்றது. இவ்வுண்மையை மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அச்சிறு மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பெரிதாக்கி நம் செவிக்கு அளிக்கின்றது. நைலான் நரம்பு பூட்டினால் மின்கிதார் ஊமையாகிவிடும். இரும்பு கலந்த கம்பி கட்டாயம் வேண்டும். இரும்போ துருப்பிடிக்கும் இயல்பினது. மின்கிதாரைப் பேணுதலில் உள்ள இடர்ப்பாடுகளிற் பாதி இவ்வொரு செய்தியினின்றே பிறக்கின்றன.

இக்கருவியின் வரலாறு நெடியதன்று. அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் போசாம்ப், அடால்ப் ரிக்கன்பாக்கர் என்னும் இருவர் 1931-ஆம் ஆண்டில் அலுமினியத்தை வார்த்து ஒரு மின்கிதாரைச் செய்தனர். அதன் வடிவத்தைக் கண்டு மக்கள் அதனை வாணலி என்றே அழைத்தனர். அதற்கான காப்புரிமை 1937-இல் கிடைத்தது. மேடை விளக்குகளின் வெப்பத்தில் அலுமினியம் விரிந்து சுருதி விலகியது என்பர். அதன்பின் வந்தோர் மரத்தையே நாடினர். நம் நாட்டில், 1969-இல் ஆந்திர மாநிலத்துப் பாலகொல்லுவில் பிறந்த உ. சீனிவாஸ், மின் மாண்டலினில் எட்டுக் கம்பிகளுக்கு மாற்றாக ஐந்து கம்பிகளைப் பூட்டிக் கருநாடக இசையின் கமகங்களை அதில் எழுப்பிக் காட்டினார். காந்தச் சுருள் பூட்டிய கருவி நம் இசைக்கு ஒவ்வாது என்று எண்ணியோர் அவருடைய வாசிப்பைக் கேட்டு எண்ணத்தை மாற்றிக்கொண்டனர். அவர் 2014-இல் மறைந்தார்.

இனி, பேணும் முறையைக் காண்போம்.

கம்பியின் முதற்பகை கடற்காற்று என்று பலர் கருதுவர். அஃது இரண்டாம் பகையே. முதற்பகை நம் விரல்தான். விரலில் வியர்வை உண்டு; வியர்வையில் உப்பு உண்டு; தோலின் எண்ணெய்ப்பசையும் உண்டு. நம் கடற்கரைப் பகுதியில் காற்றின் ஈரம் மிகுதியாதலால் அந்த வியர்வை எளிதில் உலர்வதில்லை. உப்பு ஈரத்தை ஈர்த்துவைத்துக்கொள்ளும். ஈரம் இரும்பைத் தின்னும். எனவே வாசிப்பதற்கு முன் கைகளைக் கழுவித் துடைத்தல் வேண்டும். வாசித்து முடித்தவுடன், பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பற்றித் துடைத்தல் வேண்டும். பலர் மேற்புறத்தை மட்டும் துடைத்துவிட்டுத் துணியை வைத்துவிடுகின்றனர். துரு பிடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்புறத்திலேயே. துணியைக் கம்பிக்கும் பலகைக்கும் இடையே நுழைத்து ஒருமுறை இழுத்தால் போதும்; இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுபவனுக்கு ஒரே கம்பித்தொகுதி இருமடங்கு காலம் உழைப்பதைக் கண்கூடாகக் கண்டிருக்கின்றேன்.

இவ்வாறு காத்தாலும் கம்பிக்கு ஒரு நாள் முடிவு உண்டு. பளபளப்பு மங்கும், விரலால் தடவினால் சொரசொரப்புத் தோன்றும், மெட்டின்மேல் படும் இடங்களில் சிறு பள்ளம் காணப்படும், எத்துணை முறுக்கினாலும் சுருதி நில்லாது. அப்பொழுது மாற்றிவிடல் வேண்டும். துருவேறிய கம்பி அரம்போல் மெட்டை அராவிவிடும். கம்பியின் விலைக்கு அஞ்சி மெட்டை இழப்பது, அச்சாணிக்குக் கணக்குப் பார்த்துத் தேரை இழப்பது போன்றது.

கம்பிகளை மாற்றும்போதே மெட்டுப்பலகையைத் தூய்மை செய்யலாம். மென்கம்பிகள் ஆறும் சுருதி கூட்டப்பட்ட நிலையில் கழுத்தை ஏறத்தாழ 45 கிலோகிராம் விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அவ்விழுப்புக்கு ஈடுகொடுக்கக் கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கோல் செலுத்தப்பட்டிருக்கும். தூய்மை செய்யும் சிறுபொழுதிற்கு எல்லாக் கம்பிகளையும் கழற்றுவதால் தீங்கில்லை. ஆனால் கழற்றிய கருவியை வாரக்கணக்கில் வெறுமனே கிடத்தலாகாது. இழுப்பு நீங்கினால் கழுத்து பின்னோக்கி வளையக்கூடும். வில்சுருள்களால் தாங்கப்பட்டு அசையும் குதிரையை உடைய கிதாராயின், ஒவ்வொரு கம்பியாக மாற்றுதலே நன்று. அனைத்தையும் ஒருசேரக் கழற்றினால் குதிரை உள்ளே சாய்ந்து, சுருதி கூட்டும் வேலை இருமடங்காகும்.

மெட்டுப்பலகை எம்மரத்தால் ஆயது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மேப்பிள் என்னும் வெளிநாட்டு வெண்மரமாயின் அதன்மேல் கண்ணாடிபோல் மெருகு பூசப்பட்டிருக்கும். சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் அது தூய்மையாகும். அதற்கு எண்ணெய் எதுவும் வேண்டா. கருநிறமான கருங்காலியாகவோ, செம்பழுப்பான ஈட்டியாகவோ இருப்பின், பெரும்பாலும் மெருகு இராது. மரம் வெறுமையாகவே இருக்கும். இவ்விடத்தில் ஒரு செய்தி குறிக்கத்தக்கது. முன்னர் உலகெங்கும் கிதார் செய்தோர் பிரேசில் நாட்டு ஈட்டியையே விரும்பினர். அந்நாடு மரத்தை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்திய 1960-களின் இறுதியில், அவர்கள் இந்திய ஈட்டியின்பால் திரும்பினர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்து, தோதகத்தி என்றும் பெயர்பெற்ற மரம், கடல் கடந்து சென்று கிதாராகி, மீண்டும் பாகூர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்திருக்கவும் கூடும்!

வெறுமையான மரத்தில் விரலழுக்கு மெட்டுக்களின் ஓரங்களில் கருந்திரளையாகப் படிந்திருக்கும். பழைய பற்குச்சியையோ, ஓரம் மழுங்கிய மரச்சீவலையோ கொண்டு அதனை நெகிழ்த்தி எடுக்கலாம். கத்தி கொண்டு சுரண்டலாகாது. பின்னர் மெட்டுப்பலகைக்கென்றே விற்கும் எண்ணெயில் இரண்டொரு துளிகளைத் துணியில் இட்டுத் தடவி, ஐந்து நிமிடம் கழித்து எஞ்சியதை முற்றும் துடைத்தெடுத்தல் வேண்டும். ஆண்டிற்கு இருமுறை இது போதும். நம் வீட்டில் எண்ணெய்க்கு என்ன குறை என்று தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ பூசுவோர் உளர். உணவெண்ணெய்கள் நாளடைவில் சிக்குப்பிடித்துப் பிசுபிசுக்கும், புழுதியைப் பற்றிக்கொள்ளும், எறும்பையும் அழைக்கும். முன்னே நான் கூறிய மாணவனின் பாட்டியார், "மரத்துக்கு விளக்கெண்ணெய் போட்டால் நூறு வருஷம் இருக்கும், கண்ணு" என்று கூறிக் கிண்ணத்தோடு வந்தார். மாட்டு வண்டியின் அச்சுக்கு அவ்வெண்ணெய் ஏற்றதே, மெட்டுப்பலகைக்கு ஏற்றதன்று. அவரை வருந்தச் செய்யாமல் கிண்ணத்தை உள்ளே அனுப்புவதற்குச் சிறிது நேரமாயிற்று.

மெட்டுக்களின் களிம்பைப் போக்கக் கம்பிநாரைப் பயன்படுத்துவர். பாத்திரம் துலக்கும் முரட்டு நார் இதற்கு உதவாது. மிக நுண்ணிய வகை வேண்டும். மெட்டுக்கு இருபுறமும் உள்ள மரத்தைக் காகித ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, மெட்டை மட்டும் மெல்லத் தேய்த்தால் வெள்ளிபோல் ஒளிரும். ஆனால் ஓர் எச்சரிக்கை: தேய்க்குமுன் பிக்கப்பின் முகத்தையும் ஒட்டுநாடாவால் முழுவதும் மூடுதல் வேண்டும். நாரினின்று உதிரும் இரும்புத்துகள் காந்தத்தில் சென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகளை ஊதினாலும் போகாது, துடைத்தாலும் போகாது. அது சுருளின் உள்ளே புகுந்தால் ஒலி கெடும். மயிரிழைக் கம்பி அறுபட்டால் பிக்கப்பே வீணாகும்.

உடற்பலகையின் மெருகைக் காப்பது எளிது. உலர்ந்த மென்துணியே போதும். பிடிவாதமான கறைக்கு வாயால் ஊதிய ஆவியின் ஈரம் போதும். மண்ணெண்ணெய், தின்னர், கைகளுக்குத் தடவும் கிருமிநாசினி ஆகியவற்றை அண்டவிடலாகாது. கொசுக்கடிக்கு அஞ்சிக் கைகளில் பூசும் களிம்பு சிலவற்றில் டீட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அது நெகிழியையும் சிலவகை மெருகையும் இளக்கிவிடும் ஆற்றலுடையது. ஏரிக்கரை ஊர்களில் மாலைக் கொசுவுக்கு அதனைப் பூசாமல் இருப்பதும் அரிது! பூசினால் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே கருவியைத் தொடுக.

குமிழைத் திருகும்போது எழும் பொரியோசைக்குக் காரணம், உள்ளிருக்கும் மின்தடைத் தடத்தில் தூசியும் களிம்பும் படிதலே. பின்புற மூடியைத் திருப்புளியால் கழற்றி, மின்பொருள்களைத் தூய்மை செய்வதற்கென்றே உள்ளதும், எச்சம் விடாததுமான தெளிப்பானைக் குமிழின் அடியிலுள்ள துளையில் ஒருமுறை பீய்ச்சி, குமிழை இருபது முப்பது முறை முற்றும் திருப்பினால் ஓசை அடங்கும். மாணவனின் கிதாரில் இவ்வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. இணைப்புக்கம்பி செருகும் துளையைச் சுற்றியுள்ள மரை தளர்ந்திருப்பதும் பொதுவாகக் காணும் குறை. அதனை இறுக்குங்கால் உள்ளுறுப்பை மற்றொரு கையால் அசையாமல் பற்றிக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் மரையோடு அதுவும் சுழன்று, பற்றவைத்த கம்பிகளை முறுக்கி அறுத்துவிடும். சில கிதார்களின் உள்ளே 9 வோல்ட் மின்கலம் இருக்கும். இணைப்புக்கம்பி செருகியிருக்கும் வரை அம்மின்கலம் செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்தபின் கம்பியை உருவிவிடுக. நெடுநாள் வாசியாவிடின் மின்கலத்தையும் எடுத்துவிடுக. கசிந்த மின்கலம் உள்ளுறுப்பை அரித்துவிடும்.

இதுவரை கூறியவற்றில் தவறு நேர்ந்தால் பொருளுக்குத்தான் இழப்பு. இனிக் கூறப்போவதில் தவறு நேர்ந்தால் உயிருக்கே இழப்பாம்.

மின்கிதாரின் கம்பிகள் குதிரையோடும், குதிரை ஒரு சிறு கம்பி வழியே உள்ளுறுப்புக்களின் பொது இணைப்போடும் தொடர்பு உடையவை. அவ்விணைப்பு ஒலிபெருக்கியின் உலோகக் கூட்டை அடைந்து, அங்கிருந்து மும்முனைச் செருகியின் பெரிய முனை வழியாக வீட்டின் நிலத்தொடர்பைச் சென்று சேர்கின்றது. அமைப்பு செம்மையாக இருக்கும்வரை இதனால் நன்மையே. நம் கை கம்பியில் பட்டவுடன் ஒலிபெருக்கியின் இரைச்சல் தணிவதைக் காணலாம். நம் உடல் ஈர்க்கும் மின்னிரைச்சல் நிலத்துக்கு வடிந்துவிடுவதே அதற்குக் காரணம். இரைச்சல் தணிந்தால் அஞ்ச வேண்டா. ஆனால் நிலத்தொடர்பு அறுந்திருக்கும் வீட்டில், ஒலிபெருக்கியின் உள்ளே பழுது நேர்ந்தால், 230 வோல்ட் மின்சாரம் அதே பாதையில் திரும்பிக் கம்பிகளுக்கு வந்துவிடும். வாசிப்பவன் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பானாயினும், மற்றொரு மின்கருவியோடு இணைந்த ஒலிவாங்கியில் உதட்டை வைப்பானாயினும், மின்சாரம் அவன் உடல் வழியே பாயும்.

இஃது ஏட்டில் மட்டும் நிகழ்வதன்று. 1972-ஆம் ஆண்டு மே மாதம் வேல்சு நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிதார்க் கலைஞர் மேடையில் ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்தாக்குதலால் இறந்தார். 1976-ஆம் ஆண்டு மே மாதம், யார்ட்பேர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ப், நிலத்தொடர்பு செம்மையாக இல்லாத மின்கிதாரைத் தம் இல்லத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது உயிர்நீத்தார். இருவரும் தொழிலில் தேர்ந்தவர். கருவியை நாள்தோறும் கையாண்டவர்.

நம் சிற்றூர் வீடுகளில் இருமுனைத் துளைகள் இன்றும் உள்ளன. மும்முனைச் செருகி அதில் நுழையாதபோது, பெரிய முனையை ஒடித்துவிட்டுச் செருகுவோரையும், செருகியையே நீக்கிக் கம்பி முனைகளைத் தீக்குச்சியால் நெருக்கிவைப்போரையும் கண்டிருக்கின்றேன். மற்றப் பொருள்களிலும் இது தீங்கே. வாசிப்பவனின் இரு கைகளும் உலோகத்தைப் பற்றியிருக்கும் மின்கிதாரில் இது தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்தலாகும். மின்பணியாளரை அழைத்து, வாசிக்கும் அறையின் துளைக்கு நிலத்தொடர்பு உண்டா என்று ஆய்வுசெய்வித்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புக்கருவியைப் பொருத்துதல் மேலும் நன்று. ரப்பர்ச் செருப்பு அணிந்து, உலர்ந்த பாயின்மேல் அமர்ந்து வாசிக்கலாம். எனினும் செருப்பும் பாயும் நிலத்தொடர்புக்கு ஈடாகா. கம்பியைத் தொடும்போது எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி விரலில் தோன்றினால், கருவியை விட்டுவிட்டு, சுவர்ச் சொடுக்கியை உடனே அணைத்தல் வேண்டும். மழையும் இடியும் உள்ள நேரத்தில் செருகியையே உருவிவிடுதல் நலம். ஒலிபெருக்கியின் உள்ளே மட்டும் யாரும் கைவைத்தலாகாது. வெற்றிடக் குழல்களால் இயங்கும் வகையில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம், அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும்.

கருவியை எங்கு வைப்பது என்பதே மாணவன் என்னிடம் இறுதியாகக் கேட்டது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் கிதாருக்கு நன்று என்பர். நம் கடற்கரையில் அந்த அளவு பெறற்கரியது. கார்த்திகை மாதத்தில் கேட்கவே வேண்டா. மரம் ஈரத்தை உண்டு வீங்கும். கோடையில் அதனை விட்டுச் சுருங்கும். கழுத்து வளைந்து கம்பி உயர்வதும் மெட்டில் உரசுவதும் இதனாலேயே. உள்ளிருக்கும் எஃகுக் கோலை அறுகோணத் திருகுகோலால் முறுக்கி இதனைச் சரிசெய்யலாம். ஆனால் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அறிந்தவரிடம் கொண்டுசெல்க.

மழை அறையும் வெளிச்சுவரிலும், ஆவி நிறைந்த அடுக்களையிலும், வெயில் விழும் சன்னலருகிலும் கிதாரை மாட்டலாகாது. வீட்டின் நடுச்சுவர் நல்ல இடம். மழைக்காலத்தில் உறுதியான பெட்டியில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப்பொட்டலங்களை உடன்வைத்துப் பூட்டுக. அம்மணிகளை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் பயன்படும். பெட்டியைத் தரையில் வையாமல் மரப்பலகையின் மேலோ பரண்மேலோ வைத்தால் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் ஒருசேரத் தப்பும்.

வெள்ளம் என்றது வெறும் சொல்லன்று. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையினின்று திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, பாகூர்ப் பகுதியின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. இத்தகைய காலத்தில் மக்களையும் கால்நடையையும் காத்தபின் அன்றோ கிதார் நினைவுக்கு வரும்? நனைந்துபோன கிதாரைக் கண்டவுடன் செய்யத்தகாதவை இரண்டு: ஒலிக்கின்றதா என்று பார்க்கும் ஆவலில் மின்சாரத்தோடு இணைத்தலாகாது, விரைவில் உலரட்டும் என்று வெயிலில் கிடத்தலாகாது. வெயிலில் மேற்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக நிற்க, மரம் முறுக்கிக்கொண்டு பிளக்கும்.

முதலில் கம்பிகளைத் தளர்த்திக் கழற்றுக. மின்கலம் இருப்பின் எடுத்துவிடுக. சேறும் உப்பும் படிந்திருந்தால் தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுக. பின்புற மூடிகளைத் திறந்து, கழுத்து திருகாணிகளால் பிணைக்கப்பட்டதாயின் அதனையும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் எதனின்று எடுத்தோம் என்று தாளில் குறித்துவைத்துக்கொள்க. கழுத்தைச் சமதளமான பலகைமீது கிடத்தி, நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல் அறையில் சுழலுமாறு செய்து உலரவிடுக. மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் மரத்தின் உள்ளீரம் நீங்க இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். அதன்பின் தெளிப்பானால் குமிழ்களையும் துளையையும் தூய்மை செய்து, புதுக்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, முழுச்சுருதிக்கு ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு நாட்களில் சிறிது சிறிதாக ஏற்றுக. ஒலிபெருக்கியும் நனைந்திருந்தால், அதனைத் தொழிலறிந்தவர் திறந்து பார்த்து நன்றென்று கூறிய பின்னரே இரண்டையும் இணைத்து வாசிக்கலாம்.